மரைக்கு எந்தச் சன்னம் சரி? (.308, விக்டோரியா)

மே 4, இரவு 8.40: வந்த கேள்வி

அண்ணன், நான் ஆரையம்பதி ஆள், இப்போது மெல்பேர்னில். கேம் லைசன்ஸ் கைக்கு வந்துவிட்டது. துப்பாக்கி .308 (குழல் விட்டம், அங்குலத்தில்). முதல் வேட்டை கிப்ஸ்லாந்து மலைப்பக்கம், மரைக்கு (சாம்பார் மான்). கடையில் 150 கிரெயின், சிவப்பு பிளாஸ்டிக் முனை வைத்தது போதும் என்கிறார்கள். கூட வேலை செய்பவர் ஒருவர் ஆமிச் சரக்கு மலிவாக எடுத்துத் தருகிறேன், அது எதையும் துளைத்துக்கொண்டு போகும் என்கிறார். ஊரில் மான் வெடி வைத்த கிழவர்கள் இதையெல்லாம் பார்த்தா வைத்தார்கள்? எதைப் போட்டாலும் விழுந்தால் சரிதானே?

மே 4, இரவு 10.15

தம்பி, எதைப் போட்டாலும் அது சாகும். எங்கே போய்ச் சாகும், எவ்வளவு நேரம் கழித்துச் சாகும் என்பதுதான் விஷயம். நான் விக்டோரியாவில் இருந்த காலத்தில் சுட்டதைவிட அறுத்தது எனக்கு அதிகம். நண்பர் ஒருவரின் பண்ணைக் கொட்டகையில் தோலுரித்து எலும்பு நீக்குவது என் பொறுப்பாக இருந்தது. பெட்டியில் உள்ள படம் சொல்லாததை அந்த மேசை சொல்லும்.

ஆமிச் சரக்கு வேண்டாம். அது முழுக்கச் செம்பு உறை போட்ட சன்னம், எஃப்எம்ஜே என்பார்கள். முனை மூடியிருப்பதால் உடலுக்குள் விரியாது. சுவாசப்பையில் பென்சில் பருமனில் ஓட்டை போட்டு மறுபக்கம் போய்விடும். மரை அசையாமல் நின்று, பிறகு நடந்து, பள்ளத்தாக்குக்குள் இறங்கிவிடும். இரத்தத் தடமும் சொட்டுச் சொட்டாகத்தான் இருக்கும். ஈரமான பன்னத்துக்குள் அதைத் தேடிப் பார்த்தவனுக்குத் தெரியும் அந்த நாளின் கனம்.

கடைக்காரர் சொன்னதைப் பற்றி நாளைக்கு.

மே 5, காலை 6.50

150 கிரெயின் பிளாஸ்டிக் முனை. புள்ளிமானுக்கும் பலோ மானுக்கும் நல்ல சன்னம், அதை மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் சுடப்போவது மரையை. நன்றாக வளர்ந்த கலைமரை (ஆண் மரை) 200 கிலோவைத் தாண்டும். தோல் தடிப்பு, தோள் எலும்பு தடிப்பு, பிடரியில் சேறு காய்ந்து ஒட்டியிருக்கும்.

.308 இல் 150 கிரெயின் குழலை விட்டு வெளிவரும்போது செக்கனுக்கு ஏறத்தாழ 2,820 அடி. கிப்ஸ்லாந்துக் காட்டில் மரையைக் காண்பது பெரும்பாலும் ஐம்பது அறுபது மீற்றரில். அந்தத் தூரத்தில் சன்னம் இன்னும் 2,700 அடிக்குக் கிட்டத்தான் ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் பிளாஸ்டிக் முனை பட்டவுடன் பின்னுக்குத் தள்ளப்பட்டு முகப்பைத் திறந்துவிடும். மெல்லிய உறை, மென்மையான ஈயம், உச்ச வேகம், முன்னால் தடித்த எலும்பு. நாலும் சேர்ந்தால் சன்னம் ஆழம் போக முன்னமே நொறுங்கிவிடும். தோளில் கை அளவு பெரிய காயம், உள்ளே சுவாசப்பைக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. அப்படி ஒரு கலைமரையை அறுத்திருக்கிறேன். அந்தக் காயம் பழையது, வேறு யாரோ எப்போதோ வைத்த வெடி. அதோடுதான் அது மேய்ந்து திரிந்திருக்கிறது.

ஆக, ஒரு சன்னத்தைப் பார்த்து 'இது மானுக்கானதா' என்று கேட்பது அரைக் கேள்வி. படும்போது என்ன வேகத்தில் படும் என்பது மற்ற அரை. ஒவ்வொரு சன்னத்துக்கும் ஒரு கீழ் வேகமும் ஒரு மேல் வேகமும் உண்டு. கீழே போனால் விரியாது, மேலே போனால் சிதறும். நீங்கள் சுடும் தூரத்தில் அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சன்னத்தைத் தேடுங்கள்.

மே 5, காலை 7.05

கிரெயின் என்றால் எடை. 7,000 கிரெயின் ஒரு இறாத்தல். 150 கிரெயின் பத்துக் கிராமுக்குச் சற்றுக் குறைவு. உள்ளே போடும் வெடிமருந்தின் அளவு என்று சிலர் நினைக்கிறார்கள். பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருப்பது சன்னத்தின் எடை மட்டும்.

மே 5, இரவு 9.30

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். விக்டோரியாவில் மரை, செம்மான், ரூசா மூன்றுக்கும் குறைந்தது .270 குழல், 130 கிரெயின் சன்னம். பலோ, புள்ளிமான், ஹொக் மானுக்கு .243, 80 கிரெயின். உங்கள் .308 தாராளமாகத் தேறும். கேம் மனேஜ்மன்ட் அதோரிட்டியின் விதிப் புத்தகத்தை ஒருமுறை முழுதாக வாசித்துவிட்டுப் போங்கள், மற்ற நிபந்தனைகள் எல்லாம் அதில் இருக்கின்றன.

சட்டம் தரும் எண் கீழ் எல்லைதான். 130 கிரெயின் சட்டப்படி சரி என்பதால், ஐம்பது மீற்றரில் நொறுங்குகிற 130 சரி என்று ஆகிவிடாது.

மே 6, மதியம்

என்னதான் வாங்குவது என்று உள்பெட்டியில் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். சரி.

சாதாரண சொப்ட் பொயின்ட்: முனையில் ஈயம் வெளியே தெரியும். ரெமிங்டனின் கோர்-லொக்ட் 1939 முதல் இருக்கிறது, இன்றும் மான் விழுத்துகிறது. மலிவு. .308 இல் 180 கிரெயின் எடுத்தால் வேகம் குறைந்து எடை கூடும், கிட்டத் தூரத்தில் சன்னம் தாங்கும். பணம் யோசிப்பவருக்கு என் முதல் பதில் இதுதான். எடை கூடினால் நல்லது என்று பொதுவாகச் சொல்லவில்லை. .308 என்ற துப்பாக்கியில், அறுபது மீற்றரில், மரைக்கு என்றுதான் சொல்கிறேன்.

பொண்டட்: ஈயத்தையும் உறையையும் ஒட்டவைத்திருப்பார்கள். விரிந்தாலும் உறை கழன்று போகாது. அறுக்கும்போது மறுபக்கத் தோலுக்கு அடியில் காளான் போல விரிந்த முழுச் சன்னமாகவே கையில் வரும். நான் எடுத்தவற்றில் இந்த வகை எடையை அதிகம் இழந்ததில்லை.

பார்ட்டிஷன்: உள்ளே நடுவில் ஒரு சுவர். முன் ஈயம் விரியும், சில நேரம் உதிரும், பின் ஈயம் சுவருக்குப் பின்னால் அப்படியே ஆழம் போகும். இதன் கதை எனக்குப் பிடிக்கும். ஜோன் நொஸ்லர் 1946 இல் கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் (பெரிய மான்) ஒன்றைச் சுடுகிறார். உடம்பு முழுக்கக் காய்ந்த சேறு. வேகமான .300 துப்பாக்கி, கிட்டத் தூரம், சன்னம் மேலோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகுதான் இந்தச் சுவர் யோசனை வந்தது, 1948 இல் நிறுவனமும் தொடங்கியது. நான் மேலே சொன்ன அதே பிரச்சினைதான், கவனியுங்கள். வேகம் போதாமல் அல்ல, மிஞ்சிப் போய்.

முழுச் செம்பு: ஈயமே இல்லை. இதைப் பற்றி நிறைய எழுத இருக்கிறது, தனியாக எழுதுகிறேன்.

மெச் ஹொலோ பொயின்ட்: வேண்டாம். இலக்குப் பலகைக்குச் செய்தது. முனையில் ஓட்டை இருப்பதால் விரியும் என்று நம்பி வாங்குகிறார்கள். அந்த ஓட்டை செய்முறையில் வருவது, விரிவதற்காக வைத்தது அல்ல. சியரா நிறுவனமே தன் மெச்கிங் வேட்டைக்கு உகந்ததல்ல என்று சொல்கிறது.

மே 6, மாலை 5.20

வெல்லாவெளியிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: "அண்ணன், இதெல்லாம் அவுஸ்திரேலியாக் கதை. இங்கே எங்கட வட்டைப் பக்கம் மான் வந்தால் பன்னிரண்டு போர் (12 bore) துவக்குக்கு எந்த ரவை நல்லது?"

தம்பி, இங்கே இலங்கையில் மானுக்கு நல்ல ரவை என்று ஒன்று இல்லை. மானும் மரையும் பாதுகாக்கப்பட்ட விலங்குகள், 1937 ஆம் ஆண்டின் விலங்கினங்கள் தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ். வேட்டையாடுவதும் இறைச்சி வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். பயிர்ப் பாதுகாப்புக்கு உரிமம் கொடுத்த துவக்கு மானுக்குக் கொடுத்தது அல்ல.

சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. விக்டோரியாவில் மரை 1860களில் வெளியிலிருந்து கொண்டுபோய் விட்ட விலங்கு. அங்கே அது பெருகிக் காட்டைத் தின்கிறது, ஆகவே ஆண்டு முழுதும் தடமறிந்து வேட்டையாட விடுகிறார்கள். இங்கே அது நம் காட்டுக்குச் சொந்தக்காரன். கல்லோயாவிலும் லகுகலையிலும் குமணையிலும் மாதுறு ஓயாவிலும் அதை நம்பிச் சிறுத்தை இருக்கிறது. சிறுத்தைக்கு இரை இல்லாமல் போனால் அது எங்கே வரும் என்று மட்டக்களப்புப் படுவான்கரை ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. புணானையில் ஆட்களைப் பிடித்த சிறுத்தையை 1924 இல் சுட்ட கதை நம் தாத்தாமார் காலத்தது.

மே 6, இரவு 11.00

இன்னொன்று. மெல்பேர்ன் தம்பி கேட்ட 'ஊர்க் கிழவர்கள் பார்த்தா வைத்தார்கள்' என்ற கேள்வி மனதில் நிற்கிறது. இடியன் துவக்கில் கையில் கிடைத்ததைப் போட்டு இடித்தார்கள், உண்மை. விழுந்ததை மட்டும் நினைவில் வைத்துக் கதை சொன்னார்கள். ஓடிப்போய்ப் புதருக்குள் புழுத்துச் செத்ததை யாரும் முற்றத்தில் உட்கார்ந்து சொல்லவில்லை. கட்டுத்துவக்கும் (பாதையில் கட்டி வைக்கும் பொறித்துவக்கு) வெங்காய வெடியும் (தீனிக்குள் மறைத்த வெடி) இன்றும் அதையே செய்கின்றன. பழம் என்று கடித்த யானைக்குட்டி வாய் சிதைந்து, தின்ன முடியாமல் நாள்கணக்கில் நின்று சாகிறது. வேட்டைக்காரன் என்ற பெயரை நான் அவர்களுக்குக் கொடுக்க மாட்டேன்.

மே 8, காலை

ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். விரியும் சன்னத்தை உலகமே தடை செய்திருக்கிறது, அதைப் போய் நல்லது என்று எழுதுகிறீர்களே என்று. நல்ல கேள்வி. இரண்டு நாள் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

தடை உண்மை. 1890களில் கல்கத்தாவுக்கு அருகே தம்தம் ஆயுதசாலையில் பிரிட்டிஷ்காரர் .303 சன்னத்தின் முனையைத் திறந்துவிட்டார்கள், மனிதர்களைச் சுட. 1899 இல் ஹேக் மாநாடு போரில் அதைத் தடுத்தது. மனிதனுக்குத் தேவையில்லாத வேதனை தருகிறது என்று. போருக்குள் வளர்ந்த நமக்கு அந்தக் காரணத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. நம் பக்கம் எத்தனை வீடுகளில் இன்னும் உடம்புக்குள் இரும்புத்துண்டோடு ஆட்கள் இருக்கிறார்கள்.

வேட்டையில் சட்டம் நேர் எதிராக இருக்கிறது. இங்கிலாந்தின் 1991 மான் சட்டம் சொப்ட் முனை அல்லது ஹொலோ முனை தவிர வேறு சன்னத்தை மானுக்குப் பாவிக்க விடாது. கூடவே .240 அங்குலக் குழல், 1,700 அடி-இறாத்தல் சக்தி என்று கீழ் எல்லையும் வைத்திருக்கிறது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றிலும் பெரிய விலங்குக்கு எஃப்எம்ஜே கூடாது. முரண் போலத் தெரியும், ஆனால் இரண்டுக்கும் அடியில் உள்ள காரணம் ஒன்றுதான், வேதனை. போரில் காயப்பட்டவனைத் தூக்கிக்கொண்டு போய் மருத்துவம் பார்க்கலாம், அவன் பிழைக்க வேண்டும். மரையைத் தூக்கிக்கொண்டு போக யாரும் இல்லை. அதற்கு இரக்கம் என்பது ஒரு நிமிடத்துக்குள் முடிவது.

துப்பாக்கிப் பேச்சே வேண்டாம் என்று சொல்பவர்களின் மனது எனக்குப் புரிகிறது. என் வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்கிறார். அவர் முன்னால் நான் இதைப் பேசுவதில்லை. ஆனால் சட்டப்படி சுடப்போகிற ஒருவன் கேட்கிறபோது, தெரிந்ததைச் சொல்லாமல் விட்டால் அந்தப் பாரம் மரையின் மேல் விழும்.

மே 8, இரவு

ஈயம். இதை நான் முதல் நாளே எழுதியிருக்கலாம் என்று ஒரு சகோதரி சொல்கிறார். அவருடைய வீட்டில் சின்னப் பிள்ளைகள்.

வேகமாக நொறுங்கும் ஈயச் சன்னம் கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளாக இறைச்சிக்குள் பரவும். காயத்தைச் சுற்றிக் கொஞ்சம் வெட்டி எறிந்தால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் 2009 இல் வெளியான ஓர் ஆய்வில், வழக்கமான ஈயச் சன்னத்தால் சுட்ட 30 மான்களைக் கடையில் கொடுத்து வெட்டுவித்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். 24 மான்களின் இறைச்சிப் பொதிகளில் உலோகத் துணுக்கு இருந்தது. அரைத்த இறைச்சியில், 234 பொதிகளில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவற்றில். பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான ஈய அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

விட்டுவரும் குடலைத் தின்னும் பறவைக்கும் இதே கதி. கலிபோர்னியா கொண்டோர் கழுகுகளைக் காப்பாற்ற 2019 ஜூலையிலிருந்து வேட்டையில் ஈயத்தையே நிறுத்திவிட்டது. டென்மார்க் 2024 ஏப்ரலில் ரைபிள் சன்னத்திலும் நிறுத்தியது.

ஆகவே செம்பு. பார்ன்ஸ் நிறுவனம் 1989 இல் கொண்டுவந்த எக்ஸ் சன்னம்தான் இதைப் பரவலாக்கியது. முனையில் குழி, பட்டதும் நாலு இதழாக விரியும், எடை ஏறத்தாழ அப்படியே நிற்கும். எலும்பில் பட்டாலும் சிதறாது. நம் மரைக்கு, நம் தூரத்துக்கு, நன்றாகப் பொருந்துகிறது.

மே 9, காலை 6.15

செம்பைப் பற்றி நேற்று மகிழ்ச்சியாக எழுதிவிட்டுப் படுத்தேன். இரண்டு விஷயத்தைச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் யாராவது 300 மீற்றரில் சுட்டுவிட்டு வந்து நிற்பார்கள்.

செம்பு ஈயத்தைவிட இலேசு. கன சென்ரிமீற்றருக்கு ஈயம் 11.3 கிராம், செம்பு 9க்குச் சற்றுக் கீழே. ஆக அதே எடைச் செம்புச் சன்னம் நீளமாக இருக்கும். நீளமான சன்னம் நேராகப் பறக்க வேகமாகச் சுழல வேண்டும். உங்கள் குழலில் முறுக்கு 1:12 (12 அங்குலத்துக்கு ஒரு சுற்று) என்றால் 180 செம்பை நினைக்காதீர்கள், 150 எடுங்கள். செம்பில் எடை குறைப்பதால் ஆழம் குறையாது, அதுதான் அதன் நல்ல குணம். ஈயத்தில் 150 வேண்டாம் என்றேன், செம்பில் 150 எடு என்கிறேன். பொருள் வேறு, ஆகவே கணக்கும் வேறு.

இரண்டாவது, செம்பு விரிவதற்கு வேகம் தேவை. பல வகைகளுக்கு 2,000 அடிக்குக் கீழே போனால் இதழ் சரியாகத் திறக்காது. திறக்காத செம்பு என்பது நான் வேண்டாம் என்று சொன்ன ஆமிச் சன்னத்தின் வேலையைத்தான் செய்யும். சாதாரண 150 ஈயச் சன்னமே .308 இல் 300 கஜத்தில் ஏறத்தாழ 2,000 அடிக்கு வந்துவிடுகிறது. செம்பை மரைக்கு நம்பி வைக்கும் தூரம் 200 மீற்றர் வரைதான் என்று நான் வைத்திருந்தேன். அதற்கு மேல் பொண்டட்.

மே 9, மதியம்

பேர்த்திலிருந்து ஒருவர்: பழைய .30-30 லீவர் துப்பாக்கி வைத்திருக்கிறார், கூர்முனைச் சன்னம் போடலாமா என்று.

கூடாது. உங்கள் துப்பாக்கியில் தோட்டாக்கள் குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கின்றன. பின்னால் உள்ளதன் கூர்முனை முன்னால் உள்ளதன் பிரைமரில் (தட்டினால் தீப்பற்றும் அடிமூடி) முட்டிக்கொண்டிருக்கும். அதிர்ந்தால் குழாய்க்குள்ளேயே வெடிக்கலாம். அதனால்தான் அதற்குத் தட்டை முனை. கூரான ஆனால் ரப்பர் போல நசியும் முனை வைத்து ஹோர்னடி செய்வது இருக்கிறது, அதைப் போடலாம். 170 கிரெயின் தட்டை முனை 2,200 அடியில்தான் கிளம்புகிறது, ஆகவே கிட்டச் சுடுங்கள். அந்த வேகத்தில் நொறுங்கும் பயம் குறைவு, எளிய சொப்ட் பொயின்ட்டே போதும். இதற்குப் பொண்டட் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம்.

மே 9, இரவு 10.40

"கனமான மழுங்கு முனைச் சன்னம் புதரை அறுத்துக்கொண்டு போகும்" என்று கீழே ஒருவர் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். எந்தச் சன்னமும் குச்சியில் பட்டால் திசை மாறும். கொஞ்சமா அதிகமா என்பதைத்தான் எடையும் வடிவமும் மாற்றும். புதருக்குப் பின்னால் நிற்கும் மரை வெளியே வரட்டும். வராவிட்டால் போகட்டும்.

மே 11, மாலை

இது வேட்டை ஆட்களுக்கு மட்டும் சுவையாக இருக்கும் செய்தி. நியூசிலாந்தின் மனவாட்டுப் பக்கம் திரியும் மரைகள் 1870களில் இலங்கையிலிருந்து கப்பலில் போனவை. மெல்பேர்ன் தம்பியின் அம்மா 'அங்கேயும் நம்ம மரையா' என்று கேட்டாராம். ஆம் அம்மா, இனம் அதுதான். அங்கே மேய்ச்சல் கூட, உடம்பும் கூட. வற்றல் போட்டால் அதே மணம் வருமா என்றும் கேட்டிருக்கிறார். வெயில் போதாது, அடுப்புக்கு மேலே கட்டச் சொல்லுங்கள். காயத்துக்கு அருகில் உள்ள இறைச்சியை வற்றலுக்கும் எடுக்க வேண்டாம்.

மே 14, காலை

தம்பி முடிவு எடுத்துவிட்டார்: செம்பு, 150, குழல் முறுக்கு 1:12. நல்ல முடிவு. போக முன்னம் செய்ய வேண்டியவை.

குழலைச் செம்புக் கறை போகக் கழுவுங்கள். பழைய ஈயச் சன்னத்துக்கு வைத்த குறி இதற்குப் பொருந்தாது, 100 மீற்றர் பலகையில் புதிதாகக் குறி வையுங்கள். படுத்துச் சுடுவது போதாது. காட்டில் மரத்தில் சாய்ந்து, முழங்காலில் இருந்து சுடுவீர்கள், அப்படியே பழகுங்கள். முன்னங்காலுக்குப் பின்னால், உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் வையுங்கள். செம்பு தோள் எலும்பைத் தாங்கும், ஆனாலும் நல்ல இறைச்சி வீணாகும்.

சுட்டதும் ஓடாதீர்கள். மரை எங்கே நின்றது என்பதை ஒரு மரத்தைக் குறித்து மனதில் வைத்து, கால் மணி நேரம் பொறுத்து, அந்த இடத்துக்குப் போய் இரத்தத்தின் நிறத்தைப் பாருங்கள். நுரையோடு வெளிர் சிவப்பு என்றால் சுவாசப்பை, கிட்டவே கிடக்கும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், இன்னும் பொறுங்கள். பச்சையாகத் தீனி கலந்திருந்தால் பல மணி நேரம் விட்டு, நாயோடு வரக்கூடிய ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள்.

சன்னம் உடம்புக்குள் நின்றிருந்தால் எடுத்துக் கழுவி, தராசில் வைத்து எடையை எனக்கு எழுதுங்கள். எத்தனை மீற்றரில் சுட்டது, எலும்பில் பட்டதா என்பதையும் சேர்த்து.